குரங்குக்குப் புகலிடம்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை. தார்நாகாவில் நாங்கள் மூவர் வாடகைக்குக் குடியிருக்கும் அறையின் பின்புறச் சந்தில் பெருங்கூச்சல் எழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தோம். மின்கம்பத்தின் அடியில் ஒரு மந்தி இறந்து கிடந்தது. அதன் வயிற்றை இறுகப் பற்றியபடி ஒரு சிறு குட்டி. கூட்டத்தின் மற்றக் குரங்குகள் எதிர் மாடியின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எங்களைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தன. அரைமணி நேரம் சென்றது. அவை ஒவ்வொன்றாக நகர்ந்துவிட்டன. குட்டி மட்டும் பிடியை விடவில்லை. எங்களுள் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்து நண்பர், இளகிய மனம் படைத்தவர். தம் துவாலையைப் போர்த்தி அதை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்துவிட்டார்.

மூன்று நாட்கள் அது எங்களோடு இருந்தது. பஞ்சைப் பாலில் நனைத்துப் புகட்டினோம். பால் குடிக்க மறுத்தாலும் மறுக்கும். துவாலையை விட மட்டும் மறுத்துவிட்டது. துவாலையை உதற எடுத்தால் வீறிட்டு அழுதது. இரவெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் மடியில் வைத்திருந்தோம். நான்காம் நாள் வீட்டுக்கார அம்மாள் பொறுமையிழந்து யாரிடமோ சொல்ல, ஒருவர் கூண்டுடன் வந்து சேர்ந்தார். “எங்கே கொண்டுபோவீர்கள்?” என்று அரைகுறைத் தெலுங்கில் கேட்டோம். “அடவிகி” என்றார். அடவி என்பது நம் நூல்களிலும் வழங்கும் சொல்தானே. பொருள் உடனே விளங்கியது. காட்டுக்கு.

பால் மறவாத குட்டி, தாயில்லாதது, மூன்று நாள் மனிதர் மடியில் கிடந்தது, காட்டில் என்ன செய்யும்? இந்தக் கேள்விதான் என்னைப் பல நாள் நூல் நிலையத்தில் உட்கார வைத்தது. மீட்கப்பட்ட குரங்குகளுக்கென்று உலகில் புகலிடங்கள் இருக்கின்றன என்பதையும், அவற்றை நடத்துவது எத்துணை நீண்ட, கடினமான தொழில் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அறிந்தவற்றை நம் சங்கத்து நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சரணாலயம் என்றதும் நமக்கு வேடந்தாங்கல் நினைவுக்கு வரும். அங்கே பறவைகள் தாமாக வருகின்றன, தாமாகப் போகின்றன. மனிதன் செய்ய வேண்டுவது குறுக்கே நில்லாமல் இருப்பது ஒன்றே. மிருகக்காட்சிசாலை என்பது வேறு. அங்கே பிராணிகள் மக்கள் பார்ப்பதற்காக இருக்கின்றன, இனம் பெருக்கவும் படுகின்றன. மீட்கப்பட்ட பிராணிகளின் காப்பகம் இவ்விரண்டும் அன்று. வேட்டையாடப்பட்ட தாயின் குட்டி, சங்கிலியில் கட்டி வளர்க்கப்பட்டது, சர்க்கஸில் ஆடியது, ஆராய்ச்சிசாலையில் ஊசி குத்தப்பட்டது, இவையெல்லாம் இனிப் போக இடமின்றி வந்து சேரும் இடம் அது. காட்டுக்கும் உரியனவல்ல, வீட்டுக்கும் உரியனவல்ல என்றான ஜீவன்களின் இருப்பிடம்.

இத்தகைய காப்பகங்களைப் பற்றித் தேடியபோது, மேற்கு ஆப்பிரிக்காவில் சியெரா லியோன் என்னும் சிறு நாட்டில் ஒரு பெயர் கண்ணில் பட்டது: பாலா அமரசேகரன். இலங்கையில் பிறந்தவர். இளம் வயதிலேயே ஆப்பிரிக்கா சென்று, அந்நாட்டுத் தலைநகரான பிரீடவுனில் கணக்கர் தொழில் பார்த்தவர். விலங்கியல் படித்தவர் அல்லர். காட்டில் திரிந்தவரும் அல்லர். 1988-ஆம் ஆண்டு மனைவியுடன் உள்நாட்டில் பயணம் செய்தபோது, ஒரு கிராமத்தில் மரத்தில் கட்டிக் கிடந்த நோயுற்ற சிம்பன்ஸிக் குட்டியைக் கண்டார். விட்டுவிட்டுப் போனால் செத்துவிடும் என்று தோன்றியது. 20 டாலர் கொடுத்து வாங்கி வந்தார். அக்காலத்தில் புகழ் பெற்றிருந்த ஆங்கிலக் குத்துச்சண்டை வீரர் பிராங்க் புரூனோவின் பெயரை அதற்கு இட்டார்கள். வீட்டில் பிள்ளையைப் போல வளர்த்தார்கள்.

எங்கள் நண்பரின் துவாலையும் அமரசேகரனின் 20 டாலரும் ஒரே மனத்திலிருந்து பிறந்தவைதாம். ஆனால் அவர் மூன்று நாளில் கூண்டுக்காரனிடம் ஒப்படைத்துவிடவில்லை. ஒன்று இரண்டாயிற்று, இரண்டு பலவாயிற்று. சிம்பன்ஸி வளரும் பிராணி. நன்கு வளர்ந்த ஆண் சிம்பன்ஸியின் வலிமைக்கு எந்த மனிதனும் ஈடு நிற்க முடியாது. வீட்டுத் தோட்டம் போதாது என்ற நிலை வந்தபோது, சிம்பன்ஸி ஆராய்ச்சிக்கே வாழ்வை ஒப்படைத்த ஜேன் குட்டாலின் ஊக்கமும், அந்நாட்டு அரசின் நிலமும், ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியும் சேர, 1995-இல் பிரீடவுனை அடுத்த மலைக்காட்டில் ஏறத்தாழ 100 ஏக்கரில் டாகுகாமா சிம்பன்ஸிக் காப்பகம் தோன்றியது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட சிம்பன்ஸிகளுக்கு அது வீடு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புரூனோவை விலை கொடுத்து வாங்கியது போன்ற காரியத்தை இன்று எந்த நல்ல காப்பகமும் செய்யாது. காரணம் எளிது. இரக்கத்தினால் கொடுத்தாலும் 20 டாலர் 20 டாலர்தான். விற்றவன் அடுத்த குட்டியைப் பிடிக்கக் காட்டுக்குப் போவான். குட்டியைப் பிடிப்பதென்றால் என்ன? குரங்கின் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ‘மர்க்கட நியாயம்’ என்று வைணவர்கள் இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை விளக்க எடுத்துக்கொண்ட உவமை இதுவே. அந்தப் பிடியிலிருந்து குட்டியைப் பறிக்க வேண்டுமானால் தாயைக் கொல்ல வேண்டும். சிம்பன்ஸிகள் கூடி வாழ்பவை, குட்டிக்காக மற்றவையும் பாய்ந்து வரும். ஆகவே பல வேளைகளில் பல கொலைகளுக்குப் பின்னரே ஒரு குட்டி சந்தைக்கு வருகிறது. இது சியெரா லியோனில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே குற்றமாக்கப்பட்டிருந்தது. நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதே 1972-இல் வந்ததுதான். ஏட்டில் இருந்த சட்டம் ஊரில் நடக்காததற்கு ஒரு காரணம், பறிமுதல் செய்த குட்டியை அதிகாரி எங்கே வைப்பார் என்பது! காப்பகம் ஒன்று ஏற்பட்டபின் அந்தச் சாக்குக்கு இடமில்லை. விலை கொடுக்காமல், சட்டத்தின் துணையால் குட்டியை வாங்கிக்கொள்ளும் வழி பிறந்தது.

குட்டி வந்து சேர்ந்தபின் நடப்பவைதாம் இத்தொழிலின் உள்ளுறை.

வந்தவுடன் மற்றவற்றோடு சேர்க்கமாட்டார்கள். ஏறத்தாழ மூன்று மாதம் தனியே ஒதுக்கி வைப்பார்கள். காசநோய், மஞ்சட்காமாலைக் கிருமிகள், குடற்புழுக்கள் என்று வரிசையாகச் சோதனைகள் நடக்கும். மனிதனுக்கும் குரங்கினத்துக்கும் உறவு நெருக்கம் என்பதால், நம் நோய் அதற்கு வரும். அதன் நோய் நமக்கு வரும். நமக்குச் சாதாரணச் சளியாக இருப்பது சிம்பன்ஸிக் கூட்டத்தில் உயிர்க்கொல்லியாக மாறுவதுண்டு. மறுதலையாக, நம் நாட்டுச் செம்முகக் குரங்கின் உடலில் தொல்லை தராமல் வாழும் ‘ஹெர்ப்பிஸ் பி’ என்னும் கிருமி மனிதனுக்குத் தொற்றுவது மிக அரிது; தொற்றினால் மூளையைத் தாக்கி உயிரைக் குடிக்க வல்லது. எங்கள் அறையில் மூன்று நாள் மடியில் வைத்துக் கொஞ்சினோமே, அப்போது இந்தச் செய்தி எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

சோதனை ஒரு பக்கம் இருக்க, குட்டிக்கு உடனடியாக வேண்டியது ஓர் உடல். பால் அல்ல, உடல். இதை உலகுக்கு எடுத்துக்காட்டியது ஒரு கொடிய சோதனை. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் பல்கலைக் கழகத்தில் ஹாரி ஹார்லோ என்னும் உளவியலார் செம்முகக் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, இரண்டு பொம்மைத் தாய்களைக் கொடுத்தார். ஒன்று வெறும் கம்பியாலானது. அதில் பால் புட்டி பொருத்தியிருக்கும். மற்றொன்று மெத்தென்ற துணி போர்த்தியது. அதில் பால் கிடையாது. குட்டிகள் பசித்தபோது கம்பித் தாயிடம் போய்ப் பால் குடித்துவிட்டு, நாளின் பெரும்பகுதியைத் துணித் தாயைக் கட்டிக்கொண்டே கழித்தன. 1958-இல் இம்முடிவுகளை அவர் வெளியிட்டார். அதுவரை, பாலுக்காகத்தான் குழந்தை தாயை நாடுகிறது என்று கற்பித்து வந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். திருநெல்வேலி நண்பரின் துவாலையைக் குட்டி ஏன் விடவில்லை என்பது எனக்கு இதைப் படித்தபோதுதான் விளங்கிற்று. தொல்காப்பியத்து மரபியல், கிளையில் வாழும் குரங்கின் குட்டிக்கு மகவு, பிள்ளை என்ற பெயர்களும் உரியன என்கிறது. வெறும் மரபு என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தவற்றுள் இதுவும் ஒன்று.

ஆகவே காப்பகத்தில் புதிய குட்டிக்கு ஒரு பணியாளர் தாயாக அமைகிறார். சுமக்கிறார், உடன் இருக்கிறார், ஊட்டுகிறார். ஆனால் இந்தத் தாய்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு: சீக்கிரம் முடிந்துவிட வேண்டும். மனிதரையே தன்னினம் என்று நம்பி வளரும் குட்டி பின்னர் எந்தக் கூட்டத்திலும் சேராது. எனவே உடல் தேறியதும் ஒத்த வயதுடைய குட்டிகளோடு சேர்க்கிறார்கள். பின்பு சற்றுப் பெரியவற்றோடு. பின்பு பெரியவர் கூட்டத்தோடு. ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு திருமணப் பேச்சு வார்த்தைக்கு நிகரானது என்றால் மிகையன்று. முதலில் கம்பியின் இருபுறமும் நின்று பார்க்கவும் முகரவும் விடுவார்கள். பின் கூட்டத்தில் சாந்தமான ஒரு பெண்ணோடு மட்டும் பழக விடுவார்கள். அந்தப் பெண் ஏற்றுக்கொண்டால் பாதி வெற்றி. மற்றவற்றின் அடியிலிருந்து அதுவே குட்டியைக் காக்கும். சில வாரங்களில் முடிவதும் உண்டு. மாதங்கள் ஆவதும் உண்டு. முடியாமலே போவதும் உண்டு.

பெரிய கூட்டங்கள் பகலில் மின்வேலி சூழ்ந்த காட்டுப் பகுதியில் திரியும். இரவில் அறைகளுக்குத் திரும்பும். உணவை ஒரே இடத்தில் கொட்டினால் வலியது தின்னும், எளியது பட்டினி கிடக்கும். ஆதலால் பரவலாக வீச வேண்டும், ஒளித்தும் வைக்க வேண்டும். தேடித் தின்பதே காட்டில் அதன் நாள் முழுவதுக்குமான வேலை. வேலையில்லாத சிம்பன்ஸி தன் மயிரைத் தானே பிடுங்கிக்கொள்ளும், உட்கார்ந்த இடத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். தேர்வு முடிந்து முடிவு வராத மாதங்களில் நம் விடுதிகளில் காணும் காட்சியும் ஏறக்குறைய இதுவே.

பலருக்கு வியப்பைத் தரும் ஒரு விதி உண்டு. அழிந்துவரும் இனமாயினும் காப்பகத்தில் குட்டி போட விடுவதில்லை. பெண்களுக்குக் கருத்தடை செய்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்ஸி மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனம் என்று 2016-இல் உலகப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்திருக்கிறது. அப்படியிருக்கக் கருத்தடையா என்று கேட்கத் தோன்றும். இடம் அளவானது. உள்ளே ஒரு குட்டி பிறந்தால், வெளியே சங்கிலியில் கிடக்கும் ஒரு குட்டிக்கு இடமில்லை. உள்ளே பிறந்தது காட்டுக்குப் போகப் போவதுமில்லை. கணக்கர் ஒருவர் தொடங்கிய நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு எளிதில் புரிந்திருக்க வேண்டும்.

காலக் கணக்கு இன்னும் கடியது. சிம்பன்ஸி மனிதர் பராமரிப்பில் 50 ஆண்டும் அதற்கு மேலும் வாழும். இன்று இருபது வயது மாணவர் ஒருவர் இரண்டு வயதுக் குட்டியை ஏற்றுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பட்டம் பெற்று, வேலைக்குப் போய், மணம் செய்து, மக்களைப் பெற்று, ஓய்வு பெற்று, பேரனைத் தூக்கும் நாளிலும் அந்தக் குட்டி, இப்போது கிழச் சிம்பன்ஸி, காலையில் பழத்துக்குக் கை நீட்டும். நம் நாட்டுக் குரங்கும் கூண்டில் 25, 30 ஆண்டு வாழக்கூடியதே. மீட்பது ஒரு நாள் வேலை. பத்திரிகையில் படம் வருவதும் அந்த ஒரு நாள்தான். மற்ற ஆயிரமாயிரம் நாட்களுக்குப் பழமும், மருந்தும், வேலியும், சம்பளமும் யார் தருவது?

டாகுகாமாவின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியின் வரலாறுதான். தொடங்கும்போதே நாட்டில் உள்நாட்டுப் போர்; 1991 முதல் 2002 வரை நீடித்தது. கலகக்காரர்கள் காப்பகத்தையும் சூறையாடினர். பணியாளர்கள் பிராணிகளைக் கைவிடாமல் எப்படியோ உணவு தேடிப் போட்டு வந்தார்கள். 2014-இல் எபோலா நோய் பரவியது; அது சிம்பன்ஸியையும் கொல்லும் நோய். பார்வையாளருக்குக் கதவை அடைத்தார்கள், வருமானம் நின்றது, வயிறுகள் நிற்கவில்லை. 2020-இல் கொரோனாவின்போதும் இதே கதை.

இவற்றுக்கிடையே 2006 ஏப்ரலில் நேர்ந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். 31 சிம்பன்ஸிகள் அடைப்பை மீறி வெளியேறின. தலைமை தாங்கிய ஆண், வேறு யாருமில்லை, புரூனோதான். அச்சமயம் பார்வையாளர்களை ஏற்றி வந்த உள்ளூர் வாகன ஓட்டி ஒருவர் அவற்றின் தாக்குதலில் உயிரிழந்தார். மற்றும் சிலர் காயமுற்றனர். காட்டுச் சிம்பன்ஸி மனிதனைக் கண்டால் விலகி ஓடும். மனிதர் கையில் வளர்ந்ததற்கு அந்த அச்சம் கிடையாது. தன் வலிமை மனிதன் வலிமையைவிட எத்தனை மடங்கு என்பதும் அதற்குத் தெரியும். “காட்டில் விட்டுவிடுவதுதானே” என்று சொல்பவர்களுக்கு இந்த நிகழ்ச்சி ஒன்றே விடை. வெளியேறியவற்றுள் 27, தாமாகவும் பிடிபட்டும், திரும்பி வந்து சேர்ந்தன. புரூனோ திரும்பவேயில்லை. பதினெட்டு ஆண்டு முன்பு 20 டாலருக்கு வந்த குட்டி என்னவாயிற்று என்பதை யாரும் அறியார்.

அத்துடன் மூடிவிடவில்லை. வேலிகளைச் செப்பனிட்டார்கள்; கிராமங்களில் வேலையைப் பெருக்கினார்கள். குட்டிகள் வருவது காட்டிலிருந்து. காட்டை அடுத்திருப்பவை கிராமங்கள். அங்கே பிழைப்புக்கு வேறு வழியும் பள்ளியில் வேறு பாடமும் இல்லாமல் குட்டிகள் வருவது நிற்காது என்பதை உணர்ந்தார்கள். 2009-10-இல் நடந்த கணக்கெடுப்பில் நாட்டில் 5,500 அளவுக்குச் சிம்பன்ஸிகள் இருப்பதாகத் தெரிந்தது, எதிர்பார்த்ததைவிட மிகுதி. 2019-இல் சிம்பன்ஸியை அந்நாடு தன் தேசிய விலங்காக அறிவித்தது. ஆயினும் தலைநகரம் மலைமேல் ஏறிக்கொண்டே வந்தது, மரங்கள் விழுந்தன. 2017 ஆகஸ்டில் அதே மலைச்சரிவில் மண் சரிந்து ஆயிரம் பேர் வரை மாண்டனர். ஆக்கிரமிப்பு காப்பகத்தின் எல்லையை நெருங்கவே, 2025 மே இறுதியில் பார்வையாளருக்குக் கதவை மூடி அரசின் கண்ணைத் திறக்க முயன்றார்கள். வருமானம் தரும் கதவைத் தானே மூடிக்கொள்ளும் போராட்டம்! பட்டினிப் போராட்டம் கண்ட நாட்டினராகிய நமக்கு இந்த முறை அந்நியமானதன்று.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். நம் குரங்கின் கதை வேறு விதம். அங்கே குறைவதால் துன்பம். இங்கே நகரில் பெருகியதால் துன்பம். ஆயினும் வேரைத் தேடினால் இரண்டிலும் மனிதன் கைதான்.

தார்நாகாவில் நாம் நாள்தோறும் கடந்து போகும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் நீலகிரியிலிருந்து வந்தது என்பதைப் பலர் அறியார். 1918-இல் குன்னூரில் மக்காரிஸன் என்னும் மருத்துவர் சிறு அளவில் தொடங்கியது. 1958-இல்தான் ஐதராபாத்துக்கு மாறியது. குறையுள்ள உணவு உடலை எப்படிக் கெடுக்கிறது என்பதைக் குரங்குகளைக் கொண்டு ஆராய்ந்து 1920-இல் அவர் கட்டுரை வெளியிட்டார். நம் மருத்துவ அறிவில் ஒரு பங்கு குரங்குகளின் கடன் என்பதை மறுப்பதற்கில்லை. இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்துக்காக 1950-களில் வட இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு லட்சத்துக்கு மேற்பட்ட செம்முகக் குரங்குகள் விமானத்தில் ஏற்றப்பட்டன. 1955 ஜனவரியில் லண்டன் விமான நிலையத்தில் காற்றோட்டமற்ற வண்டியில் ஏறத்தாழ 400 குரங்குகள் மூச்சுத் திணறி மாண்ட செய்தி இங்கே கொதிப்பை எழுப்ப, இந்திய அரசு சில காலம் ஏற்றுமதியை நிறுத்தி, பின் நிபந்தனைகளோடு அனுமதித்தது. முழுத் தடை 1978 ஏப்ரலில்தான் வந்தது.

பிடிப்பது நின்றது; காடு குறைவது நிற்கவில்லை; கோயிலிலும் சாலையோரத்திலும் பழமும் பொரியும் போடுவதும் நிற்கவில்லை. நன்றாகத் தின்னும் செம்முக மந்தி ஏறத்தாழ ஆண்டுக்கொரு குட்டி போடும். டெல்லியில் தொல்லை முற்றி, 2007-இல் துணை மேயர் ஒருவரே குரங்குகளை விரட்டும்போது மாடியிலிருந்து விழுந்து உயிர் நீத்தார். உயர்நீதி மன்ற ஆணைப்படி அந்நகர்க் குரங்குகளைப் பிடித்து நகர எல்லையிலுள்ள அசோலா பட்டிக் காட்டில் விடலானார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே உணவும் கொண்டுபோய்ப் போட வேண்டியிருந்தது. நகரில் குரங்கு குறைந்ததா? காலியான தெருவுக்குப் பக்கத்துத் தெருக் கூட்டம் குடிபுகுந்தது. கொண்டுபோய் விடப்பட்டவற்றுள் பல மதில் தாண்டி அண்டை ஊர்களுக்குப் போயின. அடவிக்கு அனுப்புவது என்பது பெரும்பாலும் தொல்லையை ஒரு தெருவிலிருந்து மற்றொரு தெருவுக்கு அனுப்புவதாகவே முடிகிறது.

தென்னாட்டில் இதனால் மற்றொரு கேடும் உண்டு. நம் தமிழகத்தில் காண்பது நாட்டுக் குரங்கு. தலை உச்சியில் சுழித்து வகிடு பிரிந்த மயிர், குல்லாய் கவிழ்த்தது போல. வால் உடலைவிட நீளம். வடநாட்டுச் செம்முகக் குரங்கின் வால் அதைவிடக் குட்டை. பின்புறம் செம்பட்டை நிறம். கிழக்கே கோதாவரி இவற்றின் எல்லை என்று பழைய நூல்கள் குறித்தன. செம்முகக் குரங்கு அந்த எல்லையைக் கடந்து தெற்கே பரவி, நாட்டுக் குரங்கின் இடங்களைப் பற்றிக்கொண்டு வருவதை 2011-இல் இந்திய ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஓர் ஊரில் பிடித்து எங்கோ ஓர் ஊரில் விடும் வழக்கமும் இந்தப் பரவலுக்கு ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. உலகில் வேறெங்கும் இல்லாத, தென்னிந்தியாவுக்கே உரிய நாட்டுக் குரங்கு 2020-இல் ஆபத்துக்குள்ளாகக் கூடிய இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வீட்டுக் கூரையில் ஓட்டைப் பிரிக்கும் குரங்கா அருகிவரும் இனம் என்று நம் கிராமத்தார் சிரிப்பார்கள். ஓட்டைப் பிரிப்பது அதுதானா, வடக்கிலிருந்து வந்த விருந்தாளியா என்று வாலைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தெலங்கானாவில் செய்யப்பட்ட ஒரு முயற்சி 2020 டிசம்பரில் நிர்மல் மாவட்டத்துச் சிஞ்சோலி அருகே திறக்கப்பட்ட குரங்கு மீட்பு, மறுவாழ்வு நிலையம். இது ஆயுட்கால இல்லம் அன்று. பிடித்து வரப்படும் குரங்குகளுக்குக் கருத்தடைச் சிகிச்சை செய்து, தேறியபின் விடுவதே திட்டம். இமாசலப் பிரதேசம் இம்முறையை 2000-களின் நடுவிலிருந்தே பெரிய அளவில் செய்துவருகிறது. நல்ல வழிதான், ஆனால் பொறுமை வேண்டும். ஒரு வட்டாரத்து மந்திகளில் பெரும்பாலானவற்றுக்குச் செய்தாலன்றிப் பயன் தெரியாது; தெரியவும் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் தொல்லைப்பட்டவர் கூண்டுக்காரரை அழைத்துவிடுவார். எங்கள் வீட்டுக்கார அம்மாளை நான் குறை கூறவில்லை. அவருடைய மாடியில் காயவைத்த மிளகாயும் வடகமும் எத்தனை முறை போயிற்று என்பதை நாங்கள் அறிவோம்.

அப்படியானால் அன்று நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? படித்தபின் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். முதலாவது, அரைமணி நேரம் போதாது. தாய் இறந்தாலும் கூட்டத்திலுள்ள வேறொரு மந்தி, சில வேளை கடுவனே கூட, அனாதைக் குட்டியைத் தூக்கிக்கொள்வதுண்டு. நாங்கள் சந்தில் கூடி நின்றதே அவை இறங்கி வராமைக்குக் காரணமாக இருந்திருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு மாடியிலிருந்து மாலை வரை பார்த்திருக்க வேண்டும். மாலை வரை எதுவும் வரவில்லையானால், வெறுங்கையால் தொடாமல் துணியில் எடுத்து, துளைகளிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, அன்றே வனத்துறைக்கு அறிவித்திருக்க வேண்டும். மூன்று நாள் வைத்திருந்தது அன்பினால்தான். ஆயினும் அந்த மூன்று நாளில் கூட்டம் எங்கோ போய்விட்டது, குட்டியும் எங்கள் வாடைக்குப் பழகிவிட்டது. நாட்டுக் குரங்கை வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும். 2022-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது செம்முகக் குரங்கின் பெயர் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போயிற்று. எங்களிடம் இருந்தது எந்த இனம் என்று பார்க்கக்கூட எங்களுக்குத் தெரியாது. வால் நீளமாக இருந்ததாக ஒருவர் சொல்கிறார். இல்லை என்கிறார் மற்றவர்.

கூண்டுக்காரரிடம் மேலும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: எந்த அடவி? அங்கே வேறு குட்டிகள் இருக்கின்றனவா, பால் கொடுப்பார் உண்டா? ஒருவேளை அவர் நல்ல இடத்தில்தான் சேர்த்தாரோ என்னவோ. கூண்டில் ஏற்றும்போது குட்டி துவாலையை விடவில்லை. பிரிக்க முயன்றவரை, “வேண்டாம், இருக்கட்டும்” என்று தடுத்து, துவாலையோடே அனுப்பினார் திருநெல்வேலி நண்பர். கம்பித் தாயையும் துணித் தாயையும் பற்றிச் சென்ற வாரம் அவரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நல்ல காலம், துவாலையைக் கொடுத்துவிட்டோம்” என்றார்.